பெயர் சொல்லி ஒரு சேதி: வீட்டிலிருந்து வியாபாரம் செய்வோருக்கு ஒரு பாடம்



நம் ஊரில் இன்று பல வீடுகளில் ஏதாவது ஒரு சிறு வியாபாரம் நடக்கிறது. ஒரு வீட்டில் பிரியாணி மசாலா, இன்னொரு வீட்டில் தையல், வேறொரு வீட்டில் கடையநல்லூர் கைலி, பெருநாள் வந்தால் குழந்தைகள் துணி. கடைக்கு வாடகை கொடுக்க வசதியில்லாத சகோதரிகளுக்குக் கையிலிருக்கும் போன்தான் கடை. அந்தப் போனில் அனுப்பும் சேதிதான் கடை வாசலில் நின்று "வாங்க" என்று அழைக்கும் குரல்.

அந்தக் குரலை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? ஒரு படம், கீழே விலை, "ஆர்டருக்கு மெசேஜ் செய்யவும்" என்று ஒரு வரி. அதை அப்படியே குடும்ப குரூப், தெரு குரூப், பழைய மாணவிகள் குரூப் எல்லாவற்றிலும் போட்டுவிடுகிறோம். ஒருவரும் பதில் சொல்வதில்லை. மறுநாளும் போடுகிறோம். சிலர் சத்தத்தை அணைத்துவிடுகிறார்கள், சிலர் பிளாக் செய்துவிடுகிறார்கள். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் அந்தச் சேதி யாருக்கும் உரியதாக இல்லை. எல்லோருக்கும் எழுதியதைத் தனக்கு எழுதியதாக யார் நினைப்பார்?

பத்தமடை சொல்லித்தரும் பாடம்

இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமக்கு அருகே, திருநெல்வேலி மாவட்டத்தில் பத்தமடை இருக்கிறது. தாமிரபரணிக் கரையின் கோரையில் அங்கே முஸ்லிம் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்கிறார்கள். பட்டுப்பாய் என்று சொல்லப்படும் அந்த மெல்லிய பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. திருமணத்துக்கென்று சொன்னால் மணமகன், மணமகள் பெயரையும் திருமணத் தேதியையும் பாயிலேயே சேர்த்து நெய்து தருவார்கள். வாங்கிய வீட்டார் அதைச் சுருட்டி எறிய மாட்டார்கள். அதில் அவர்கள் பெயர் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் நெசவாளி புதிதாக ஒரு தொழிலைக் கண்டுபிடிப்பதில்லை. கோரை அதேதான், பாவு நூல் அதேதான், நெய்யும் முறையும் அதேதான். வீட்டுக்கு வீடு மாறுவது பெயரும் தேதியும்தான். வேலையின் பெரும்பகுதி பொது. சிறுபகுதி அவரவருக்கு உரியது. அந்தச் சிறுபகுதிதான் வாங்குபவரின் மனதில் நிற்கிறது. நம் சேதிகளையும் இப்படித்தான் நெய்ய வேண்டும்.

முதல் படி: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நான்கு கட்டம் போடுங்கள்: பெயர், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், அவர் சொன்ன ஒரு சொல். நான்காவது கட்டம்தான் முக்கியம். "காரம் கொஞ்சம் கூட", "மகளுக்கு அளவு பத்தவில்லை", "ஊருக்குப் போகும்போது ஒரு கிலோ வேண்டும்" என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை அன்றைக்கே எழுதிவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் மறந்துபோகும். அடுத்த சேதியின் முதல் வரி இந்தக் கட்டத்திலிருந்துதான் வரப்போகிறது.

இரண்டாம் படி: அனுமதி

நம்மிடம் ஒருவரின் எண் இருக்கிறது என்பதால் அவருக்கு வியாபாரச் சேதி அனுப்பலாம் என்று ஆகாது. பொருள் கொடுக்கும்போதே, "புதுசா ஏதாவது வந்தா வாட்ஸ்அப்ல சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். சரி என்றவர் பெயருக்கு அருகில் ஒரு டிக். வேண்டாம் என்றவருக்கு அனுப்பவே வேண்டாம்.

ஜமாஅத் வேலைக்காகவோ, மதரஸா பெற்றோர் குரூப்பிலோ, உதவி பெறுவோர் பட்டியலிலோ பார்த்த எண்களை வியாபாரத்துக்கு எடுக்கவே கூடாது. அவை வேறு காரியத்துக்காகத் தரப்பட்ட அமானிதம். உதவி கேட்டு எண் கொடுத்த ஒரு வீட்டுக்கு மறுவாரம் சேலை விளம்பரம் போனால், அந்த வீட்டார் இனி யாரையும் நம்பி எண் கொடுப்பார்களா? ஒருவரின் தகவலை எந்தக் காரியத்துக்குப் பெற்றோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும்கூட.

மூன்றாம் படி: மூன்று வகை

எல்லோருக்கும் ஒரே சேதி கூடாது. அதற்காக அறுபது பேருக்கு அறுபது சேதி எழுதவும் முடியாது. நோட்டைப் பார்த்து மூன்று வகையாகப் பிரியுங்கள்.

1. அடிக்கடி வாங்குபவர். இவருக்கு விளக்கம் தேவையில்லை, நினைவூட்டல் போதும்.
2. ஒருமுறை வாங்கி நின்றுவிட்டவர். இவரிடம் விற்கப் போகாதீர்கள். போன பொருள் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.
3. விலை கேட்டுவிட்டுப் போனவர். இவர் எதைக் கேட்டாரோ அதைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் இதற்கு 'லேபிள்' வசதி இருக்கிறது. ஒவ்வொருவரின் சாட்டுக்கும் ஒரு வண்ண அடையாளம் வைத்துக்கொள்ளலாம். இந்த ஆப் 2018 முதல் கிடைக்கிறது, காசு கிடையாது. ஒரே எண்ணில் சாதாரண வாட்ஸ்அப்பும் பிசினஸ் ஆப்பும் ஒன்றாக ஓடாது. ஆகவே வியாபாரத்துக்குத் தனி எண் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பெண்களின் சொந்த எண்ணும் படமும் தெரியாதவர் கைக்குப் போகாமல் இருக்கவும் அது உதவும்.

நான்காம் படி: பாவும் பெயரும்

ஒரு சேதியில் நான்கு பகுதிகள் போதும்: அழைப்பு, அவருக்கே உரிய ஒரு வரி, நாம் சொல்ல வந்த செய்தி, பதில் சொல்ல எளிதான ஒரு கேள்வி. இதில் மூன்றாவது பகுதிதான் பாவு, அது எல்லோருக்கும் பொது. முதலிரண்டும் அவரவருக்கு.

பிரியாணி மசாலா விற்கும் ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக அவர் அனுப்புவது:

"ஹோம்மேட் பிரியாணி மசாலா! சுத்தமானது! தரமானது! இன்றே ஆர்டர் செய்யுங்கள்!"

இப்போது அதையே மாற்றி எழுதுவோம். அடிக்கடி வாங்கும் ஒரு மாமிக்கு:

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. போன தடவை காரம் கூடன்னு சொன்னீங்க. இந்த வாரம் மசாலா அரைக்கிறேன், உங்களுக்கு மட்டும் மிளகாய் குறைச்சு அரைச்சிடவா? அரைக் கிலோ போதுமா?"

ஒருமுறை வாங்கி நின்றவருக்கு:

"வணக்கம் அக்கா. ரெண்டு மாசத்துக்கு முன்னால மசாலா வாங்கினீங்க. எப்படி இருந்துச்சுன்னு நான் கேட்கவே இல்லை. குறை ஏதாவது இருந்தா சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்."

இரண்டிலும் ஆச்சரியக்குறி இல்லை, 'தரமானது' என்ற சொல்லும் இல்லை. ஆனால் பதில் வரும். இரண்டாவதில் சில சமயம் குறைதான் பதிலாக வரும். அதுவும் லாபமே. ஏன் நின்றுபோனார் என்பது தெரிந்துவிடுகிறதே.

அழைப்பிலும் கவனம் வேண்டும். ஸலாம் சொல்ல வேண்டியவருக்கு ஸலாம், வணக்கம் சொல்ல வேண்டியவருக்கு வணக்கம். நம் ஊருக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலையாள நாட்டோடு இருந்த ஊர். ஆரியங்காவு, புனலூர் பக்கத்து வாடிக்கையாளர்கள் இன்றும் நமக்குண்டு. அவர்களுக்குத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்புவதைவிட, மலையாளம் பேசத் தெரிந்தவர் அரை நிமிடக் குரல் பதிவு அனுப்பினால் உடனே புரியும்.

ஐந்தாம் படி: நேரக் கணக்கு

"வீட்டு வேலைக்கு நடுவே இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது வாடிக்கையாளர். ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுதினால் ஆளுக்கு 4 நிமிடம், மொத்தம் 240 நிமிடம். நான்கு மணி நேரம்.

மூன்று வகைக்கும் பொதுவான பகுதியை முதலில் எழுதிவைத்தால், வகைக்கு 5 நிமிடமாக 15 நிமிடம். பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம், பெயரும் ஒரு வரியும் சேர்க்க. ஆக மொத்தம் 75 நிமிடம். முதல் நாள் எழுதிவைத்துவிட்டு, நாளுக்குப் பதினைந்து பேர் என்று பிரித்தால் நான்கு நாளில் முடிந்துவிடும். தினமும் கால் மணி நேரம்தான். ஒரே நாளில் அறுபது பேரும் பதில் போட்டுத் திணறவைப்பதும் இல்லை.

எழுதிய பொதுப் பகுதியை பிசினஸ் ஆப்பின் 'குயிக் ரிப்ளை'யில் சேமித்துவைக்கலாம். ஐம்பது வரை வைத்துக்கொள்ள இடமுண்டு. '/' என்ற சாய்கோட்டைத் தட்டினால் வந்து நிற்கும், முன்னும் பின்னும் பெயரையும் வரியையும் சேர்த்து அனுப்பலாம். விலைப் படங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் 'கேட்டலாக்'கில் வைத்துவிட்டால் கேட்பவருக்கு அதைக் காட்டினால் போதும்.

'பிராட்காஸ்ட் லிஸ்ட்' பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் அது போய்ச்சேரும். "அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை" என்பதற்குப் பல நேரம் காரணம் இதுவே. பொருள் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். "பெருநாள் அன்று கடை இல்லை" போன்ற பொது அறிவிப்புக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது அனுப்புவது?

ஜும்ஆ நேரத்திலும் நோன்பு திறக்கும் நேரத்திலும் அனுப்பும் சேதி யார் கண்ணிலும் படாது. வளைகுடாவில் இருக்கும் உறவினருக்கு அனுப்பும்போது நேரத்தைப் பாருங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே, சவூதி இரண்டரை மணி நேரம் பின்னே, மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னே. நம் காலை ஏழு மணிக்குச் சவூதியில் நான்கரை.

காலத்தையும் பாருங்கள். குற்றாலச் சாரல் நாட்களில் வெளியூர் உறவினர் வரும் வீட்டுக்குச் சாப்பாட்டு ஆர்டர் பற்றிச் சொல்லலாம். நோன்புக் கஞ்சிப் பொருளை ஷஅபானிலேயே சொல்ல வேண்டும். பிறை பார்த்த பிறகு சொன்னால் எல்லோரும் வாங்கி முடித்திருப்பார்கள்.

செய்யக்கூடாதவை

பெயர் சொல்லி அழைப்பது நெருக்கத்தை உண்டாக்கும். அதனாலேயே அதைப் பொய்யாகப் பயன்படுத்துவது பெரிய தவறு. அவர் கேட்காததை "நீங்க கேட்டீங்களே" என்பது, நிறைய இருக்கும்போது "உங்களுக்காக ஒண்ணே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்பது இரண்டும் பொய்தான். நினைவில் இல்லை என்றால் பெயர் மட்டும் சொல்லி விஷயத்துக்கு வாருங்கள். கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருளை ஷாம் நாட்டுக்குக் கொண்டுசென்ற நபி (ஸல்) அவர்களை மக்கா மக்கள் அல்அமீன் என்றே அழைத்தார்கள். நம் வியாபாரத்துக்கும் அந்த நம்பிக்கைதான் முதல்.

நோட்டில் இருப்பதை வெளியே காட்டாதீர்கள். ஒரு சகோதரி பேறுகால லேகியம் வாங்கினார் என்றால் அது அவர் வீட்டுச் செய்தி. அவர் அனுப்பிய நன்றிச் சேதியைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தால், அவர் சொந்தக்காரருக்கே சொல்லாததை ஊருக்குச் சொன்னதாகிவிடும். கேட்டு, பெயரை மறைத்துப் போடுங்கள். எழுதித்தரும் ஏஐ செயலிகளைப் பயன்படுத்துவோர் பொதுப் பகுதிக்கு மட்டும் உதவி கேளுங்கள், வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் அதில் போட வேண்டாம்.

பதில் வராதவருக்கு ஒருமுறை நினைவூட்டலாம், மூன்றாவது முறை வேண்டாம். பலர் பிளாக் செய்து புகாரளித்தால் வாட்ஸ்அப் அந்த எண்ணையே முடக்கக்கூடும். ஒரு சகோதரியின் ஒரே வருமானம் அந்த எண்ணில் இருக்கும்போது அது சிறிய நஷ்டமல்ல. பணம் அனுப்புவதாகச் சொல்லி யாராவது கியூஆர் கோடு அனுப்பி பின் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

நோட்டைத் திறந்து, ஒருமுறை வாங்கி நின்றுபோன ஐந்து பேரை எழுதுங்கள். ஒருவருக்கும் எதையும் விற்க முயலாமல், வாங்கியது எப்படி இருந்தது என்று மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எத்தனை பேர் பதில் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று நான்காவது கட்டத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் பத்துப் பேர். பதில் கூடுகிறதா குறைகிறதா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

போன் பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால், லேபிள் வைப்பதையும் குயிக் ரிப்ளை சேமிப்பதையும் உம்மாவுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக நின்று பிள்ளைகளை வளர்க்கும் சகோதரி யாராவது வியாபாரம் செய்தால், அரை மணி நேரம் அவரோடும் உட்காருங்கள். அல்லாஹ் நம் அனைவரின் ஹலாலான சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.