ஓர் உறவும் இரண்டு ஏடுகளும்

ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்களைப் பங்குக் கோவிலில் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். திருமணத்திற்குத் தனிப் பதிவேடு உண்டு. முத்தாபுதுப்பேட்டையில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் தூத்துக்குடியில் மணமுடித்தால், அங்குள்ள பங்குத்தந்தை இங்கே தெரிவித்து, அவளுடைய பழைய பதிவில் திருமணத்தையும் குறிக்கச் செய்ய வேண்டும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1122-ஆம் விதி இது. எந்த ஏட்டைத் திறந்தாலும் மற்றதற்கு வழி தெரியும். ஆனால் கடிதம் வழியில் தொலைந்தால் இரண்டு ஏடுகளும் இரண்டு விதமாகப் பேசும்.

கணிப்பொறியிலும் இதே சிக்கல் உண்டு. 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் என்னும் அறிஞர், தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். அம்முறையில் உறவு ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படும். மாணவியர் அட்டவணையில் ஒவ்வொருத்தியின் வரியிலும் அவள் வகுப்பின் எண் இருக்கும். இதற்கு ஃபாரின் கீ என்று பெயர். வகுப்பு அட்டவணையில் மாணவியர் பட்டியல் கிடையாது. வேண்டும்போது அந்த எண்ணை உடையவர்களைத் தேடிக்கொள்ளலாம். முரண்பட வழியே இல்லை.

ஜாவா மொழி நிரலிலோ மாணவியிடம் அவள் வகுப்பும், வகுப்பிடம் மாணவியர் பட்டியலும் இருக்கும். மறுபடியும் இரண்டு ஏடுகள்! நிரலையும் அட்டவணையையும் இணைக்க 2001-இல் வந்த ஹைபர்நேட் என்னும் மென்பொருள் இரண்டில் ஒன்றைத்தான் நம்பும். ஃபாரின் கீ உள்ள மாணவியின் பக்கமே உறவுக்கு உரிமையாளர். வகுப்பின் பட்டியல்மேல் "மேப்டு பை" என்று குறித்து, இது அதன் நிழல்தான் என்று அறிவிக்க வேண்டும். இரு பக்கமும் ஒன்றையொன்று சுட்டியும் இக்குறிப்பு இல்லாவிட்டால், இரண்டும் வெவ்வேறு உறவுகள் என்று எண்ணி, வழக்கமாக மூன்றாவதாக ஓர் இணைப்பு அட்டவணையையும் உண்டாக்கிவிடும்.

இங்கேதான் கவனம் தேவை. எங்கள் ஊரில் விமானப்படைக் குடும்பங்கள் மாற்றலாகி வருவதும் போவதும் வழக்கம். ஆண்டின் நடுவே வந்த ஒரு மாணவியை வகுப்பின் பட்டியலில் மட்டும் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். திரையில் அவள் பெயர் தெரியும். வகுப்பு எண்ணைக் காலியாக விட அனுமதி இருந்தால் பிழைச் செய்தியும் வராது. மறுநாள் திறந்தாலோ அவள் எந்த வகுப்பிலும் இல்லை! தேர்வு நுழைவுச் சீட்டு அச்சாகும் நாளில் இது தெரியவந்தால் அவள் நிலை என்ன? ஆகவே "மாணவியைச் சேர்" என்று ஒரே கட்டளையை அமைத்து, இரண்டு பக்கத்தையும் அதற்குள்ளேயே எழுதிவிடுவது நல்லது. நீக்கும்போதும் அப்படியே.

ஒரு வேடிக்கையும் உண்டு. மாணவியின் விவரத்தை அச்சிடச் சொன்னால் அவள் வகுப்பைக் காட்டுவாள். வகுப்பு தன் மாணவியரைக் காட்டும். அவர்கள் மீண்டும் வகுப்பைக் காட்டுவார்கள். இப்படியே சுற்றிச் சுற்றி, நினைவகத்தில் அதற்கென ஒதுக்கிய இடம் நிரம்பி நிரல் நின்றுவிடும். அதனால் அச்சிடும்போது மட்டும் ஒரு பக்கம் மற்றதைப் பற்றிப் பேசாதபடி எழுதுவார்கள்.