காயமுற்ற முதிய பூனை: சிகிச்சைக்குப் பின் நம்பிக்கையை மீட்கும் முறை

வீட்டில் நெடுநாள் வளர்ந்த பூனை ஒன்று காயமுற்றுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகிறது. அங்கே புண் கழுவித் தையலிடப்படுகிறது, ஊசியும் போடப்படுகிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் கூறியதும் வீட்டார் ஆறுதலுடன் திரும்புகின்றனர். ஆனால் வீடு சேர்ந்த பூனை கட்டிலின் அடியில் பதுங்கிவிடுகிறது. பத்தாண்டுகள் மடியில் உறங்கிய பிராணி இப்போது கை நீட்டினால் சீறுகிறது. உணவைத் தொட மறுக்கிறது. மருந்து கொடுக்க வந்தவரைக் கீறுகிறது. வளர்த்தவரையே மறந்துவிட்டது என்று சிலர் வருந்துவர். நன்றி கெட்ட பிராணி என்று சிலர் கடிந்துகொள்வர்.

இவ்விரு முடிவுகளும் பிழையானவை. இவற்றால் விளையும் தீங்கும் சிறிதன்று. அணுக முடியாத பூனைக்கு மருந்து புகட்ட இயலாது; கட்டு மாற்றவும் இயலாது. மறுமுறை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வீட்டார் தயங்குவர். ஆறக்கூடிய புண் சீழ்கொண்டு உயிருக்கே கேடாய் முடியலாம். ஆகவே பூனையின் நம்பிக்கையை மீட்டல் என்பது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். அதன் முறைகளைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

அச்சம் கற்கப்படும் விதம்

இரைப்பை முதலிய சீரண உறுப்புகளின் செயல்களை ஆராய்ந்து 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், நாய்களைக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். உணவுக்கு முன்னர் ஓர் அடையாளம் பலமுறை தொடர்ந்து வருமாயின், பின்னர் அவ்வடையாளம் ஒன்றே நாயின் வாயில் உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் என்பதே அது. உணவுக்குப் பொருந்தும் இவ்விதி வலிக்கும் பொருந்தும். பிரம்புக் கூடை, பினாயில் நெடி, துவாலை, நாய்களின் குரைப்பு, தன்னை அழுத்திப் பிடித்த கை ஆகிய யாவும் வலியுடன் ஒருசேர வந்தன. ஆதலின் அவற்றுள் எது எதிர்ப்பட்டாலும் பூனையின் உடல் வலியை எதிர்நோக்கிச் சுருங்குகிறது. வீட்டாரின் கையும் அவ்வடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. இதிற் பகையோ நன்றி மறத்தலோ இல்லை.

அச்சமுற்ற பூனை உண்ணாமைக்கும் உடலியற் காரணம் உண்டு. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் பூனைகளின் இரைப்பை இயக்கத்தை எக்ஸ் கதிர்களின் உதவியால் ஆராய்ந்து 1898ஆம் ஆண்டில் வெளியிட்டார். பூனை கலக்கமுற்றபோது இரைப்பையின் இயக்கம் நின்றுவிடுவதையும், அது அமைதியுற்றபின் இயக்கம் மீண்டும் தொடங்குவதையும் அவர் கண்டார். ஆகவே கலக்கத்திலிருக்கும் பூனையின் முன் உணவை வற்புறுத்தி நீட்டுவதாற் பயனில்லை. முதலில் அமைதி, அதன் பின்னரே உணவு.

கற்ற அச்சத்தை மாற்றவும் இயலும். 1924ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியல் அறிஞர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சிறுவன் விரும்பிய உணவை உண்ணும்போது கூண்டிலிட்ட முயல் தொலைவில் வைக்கப்பட்டது. பின்னர் சிறிது சிறிதாக அருகிற் கொணரப்பட்டது. முடிவில் அவன் முயலைத் தடவிக் கொடுக்கலானான். இம்முறையின் உயிர்நாடி தூரத்தில் உள்ளது. முயலை ஒரே நாளில் அருகிற் கொணர்ந்திருப்பின், சிறுவன் உணவையும் சேர்த்து வெறுத்திருப்பான். பூனையின் நிலையும் இத்தகையதே.

முதுமையின் தனித் தன்மை

பத்து வயதைக் கடந்த பூனையை முதிய பூனை எனக் கொள்வது இன்றைய வழக்கு. அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், 90 பூனைகளின் மூட்டுகளில் தேய்மானம் காணப்பட்டது. எனவே காயமில்லாத காலையும் இழுத்துப் பிடித்தல் முதிய பூனைக்கு வலி தரலாம். பிடரியைப் பற்றித் தூக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுதல் நன்று. ஒரு கையை மார்பின் கீழும் மற்றொன்றைப் பின்கால்களின் கீழும் கொடுத்து உடலின் முழு எடையையும் தாங்குதல் வேண்டும்.

முதல் நாள்

வீடு சேர்ந்ததும் பூனையை ஆரவாரமற்ற சிறு அறையில் விடுதல் வேண்டும். கூடையின் கதவைத் திறந்து வைத்து, அது தானே வெளிவரக் காத்திருத்தல் நலம். பக்கவாட்டில் வாயில் வெட்டிய அட்டைப் பெட்டி ஒன்றில் வீட்டாரின் பழந்துணியை விரித்து வைக்கலாம். ஒளிந்துகொள்ள இடம் பெற்ற பூனைகளின் கலக்கம் விரைவிற் குறைகிறது என்பது நெதர்லாந்தில் 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வினால் தெளிவாயிற்று. ஒளிந்திருக்கும் பூனையை வெளியே இழுத்தல் ஆகாது.

நீரும் உணவும் ஒரு பக்கத்திலும், மணல் நிரப்பிய தட்டு அவற்றிற்கு எட்ட மறுபக்கத்திலும் இருத்தல் வேண்டும். தட்டின் விளிம்பு தாழ்ந்திருந்தால் மூட்டு வலியுள்ள பூனையும் எளிதில் ஏறும். மனிதனின் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். பூனையின் செவியோ 80,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியையும் கேட்கவல்லது. ஆதலின் வானொலி, தொலைக்காட்சி, பாத்திர ஓசை ஆகியவற்றை அவ்வறைக்கு அப்பால் நிறுத்துதல் தகும். அறையைப் பினாயில் கொண்டு கழுவுதல் கூடாது. அந்நெடி மருத்துவமனையை நினைவூட்டும். அன்றியும், பாதத்தில் ஒட்டிய பினாயிலை நக்கும் பூனைக்கு அது நஞ்சாகும்.

வலியா, அச்சமா?

நம்பிக்கையை வளர்க்கும் பயிற்சியைத் தொடங்குமுன் வலி எஞ்சியுள்ளதா என்று நோக்குதல் இன்றியமையாதது. வலி நீங்காதவரை எப்பயிற்சியும் பயன் தராது. கானடா நாட்டு மாண்ட்ரியால் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட முகக்குறி அளவையில் ஐந்து குறிகள் கூறப்பட்டுள்ளன: காதுகள் பக்கவாட்டில் திரும்பி விலகுதல், கண்கள் இடுங்குதல், வாய்ப்பகுதி இறுகுதல், மீசை மயிர்கள் விறைத்து முன்னோக்குதல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல். பூனை தனித்திருக்கும்போதும் இவை காணப்படுமாயின் வலி உண்டென்று ஐயுற்று மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

மனிதருக்குரிய வலி மாத்திரைகளைப் பூனைக்குத் தருதல் பெருந்தீங்கு. பாரசிட்டமாலை நச்சு நீக்கி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அந்நஞ்சு இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குவதால் ஈறுகள் பழுப்பு நிறமடையும், மூச்சு முட்டும், ஒரு மாத்திரையும் உயிரைப் போக்கலாம். இபுப்ரோபென், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் ஆகியவற்றையும் வீட்டார் தம் விருப்பப்படி கொடுத்தல் ஆகாது.

பின்வரும் நிலைகளில் காத்திருத்தல் கூடாது: ஒரு நாள் முழுதும் உண்ணாமை, சிறுநீர் கழிக்க முயன்றும் இயலாமை, வாயைத் திறந்து மூச்சு விடுதல், புண்ணில் வீக்கமோ துர்நாற்றமோ காணுதல். பல நாட்கள் உண்ணாத பூனையின், சிறப்பாகப் பருத்த பூனையின், கல்லீரலிற் கொழுப்புத் தேங்கி உயிருக்கு ஆபத்து நேரும். ஆண் பூனையின் சிறுநீர் அடைபடுதல் உடனே கவனிக்க வேண்டிய அவசர நிலையாகும்.

தூரத்தைக் குறைக்கும் முறை

பூனை அமைதியாக உண்ணத் தொடங்கியபின், அதற்குப் பழக்கமான ஒருவர் நாள்தோறும் குறித்த வேளையில் அவ்வறையில் தரையில் அமர்தல் வேண்டும். பூனைக்கு நேரே அமராமல் பக்கவாட்டில் அமர்ந்து, அதை உற்று நோக்காதிருத்தல் நலம். உப்பிடாமல் வேகவைத்த மீன் அல்லது கோழி இறைச்சியின் சிறு துண்டுகளைப் பூனை தயங்காது உண்ணும் தூரத்தில் வைத்தல் வேண்டும். அது எட்டடியாயினும் பத்தடியாயினும் அன்றைய தூரம் அதுவே. மறுநாள் ஒரு சாண் குறைக்கலாம். பூனை உண்பதை நிறுத்தினாலும், காதுகளைப் படியவைத்தாலும், வாலை வெடுக்கென அசைத்தாலும் முந்தைய தூரத்திற்குத் திரும்புதல் வேண்டும்.

இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, கண்களை மெல்லச் சுருக்கி மெல்ல மூடித் திறக்கும் மனிதரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்குகின்றன. இம்முறையைப் பயிற்சியின்போது கையாளலாம்.

பூனை அருகில் வந்தபின் ஒரு விரலை அதன் மூக்கின் உயரத்தில் அசையாது நீட்டுதல் வேண்டும். அது முகர்ந்து கன்னத்தை உரசினால் தொட அனுமதி கிடைத்தது எனக் கொள்ளலாம். முகத்தைத் திருப்பினால் அன்றைய பாடம் முடிந்தது. தொடும்போது கன்னம், தாடை, காதின் அடி ஆகிய இடங்களையே இரண்டு மூன்று வினாடிகள் தடவிக் கையை எடுத்துவிடுதல் தகும். வயிறு, வாலின் அடி, காயமுற்ற உறுப்பு ஆகியவற்றைத் தொடலாகாது. சில பூனைகள் இரண்டு மூன்று நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பும். சிலவற்றிற்குப் பல வாரங்கள் செல்லும். அதன் விரைவைப் பூனையே தீர்மானிக்க விடுதல் வேண்டும்.

மருந்து கொடுத்தல்

நம்பிக்கை திரும்பும்வரை மருந்தை நிறுத்தி வைக்கலாமா என்ற வினா எழும். நிறுத்துதல் கூடாது. எனினும் மருந்து கொடுக்கும் கையையும் உணவூட்டும் கையையும் பிரித்து வைக்கலாம். வீட்டாருள் ஒருவர் மருந்துப் பொறுப்பை ஏற்க, மற்றொருவர் பயிற்சியை மட்டும் நடத்துதல் சிறந்தது. மருந்து தருவதற்காகப் பூனையைப் பெயர் சொல்லி அழைத்தல் ஆகாது. அழைத்தால் அதன் பெயரும் அச்சத்தின் அடையாளமாகிவிடும். ஒளிந்திருக்கும் பெட்டியின் மேல்மூடி கழற்றக்கூடியதாயின், பூனையை வெளியே இழுக்காமல் துவாலையாற் போர்த்தி அங்கேயே மருந்து தரலாம். முடிந்தவுடன் அது விரும்பும் உணவை வைத்து விலகிவிடுதல் வேண்டும். உணவிற் கலந்து தரத்தக்க மருந்து உண்டா, நீண்ட நாள் பயன் தரும் ஊசி உண்டா என்று மருத்துவரை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. கசப்பு மருந்தை உணவு முழுவதிலும் கலந்தால் பூனை உணவையே வெறுத்துவிடும்.

வீட்டிலுள்ள பிற பூனைகள்

பூனைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் மணத்தினால் அறிகின்றன. கன்னம், தாடை, நெற்றி, பாதம் ஆகிய இடங்களிலுள்ள சுரப்பிகள் அம்மணத்தைத் தருகின்றன. மருத்துவமனை நெடியுடன் திரும்பிய பூனையை உடன் வளர்ந்த பூனையே அயலானெனக் கருதித் தாக்குதல் உண்டு. இருவேறு அறைகளில் வைத்து, ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் அருகில் இட்டு, இரண்டும் அம்மணத்திற் பழகியபின் சேரவிடுதல் முறையாகும்.

கூடையும் மறுபயணமும்

மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் மட்டும் பரணிலிருந்து இறக்கப்படும் கூடை பூனைக்கு அபாய மணியாகும். அதை எப்போதும் அறையில் திறந்து வைத்து, உள்ளே துணி விரித்து, உணவும் அவ்வப்போது அதிலேயே இடுதல் வேண்டும். பூனை உள்ளே உறங்கப் பழகியபின் கதவை ஒரு நொடி சாத்தித் திறக்கலாம். பின்னர் சிறிது தூக்கி வைக்கலாம். சாக்குப் பையில் இட்டுச் செல்வதைத் தவிர்த்தல் வேண்டும். மருத்துவமனையில் கூடையைத் துணியால் மூடி, நாய்களுக்கு எட்ட, தரைக்கு உயரமான இடத்தில் வைத்தல் தகும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

பூனை கடித்தாலோ கீறினாலோ அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். பூனையும் வெறிநோயைப் பரப்பவல்லது. இன்ன பிராணி கடித்ததென்று தெரியாத காயமுள்ள, தடுப்பூசி பெறாத பூனையின் குணம் திடீரென மாறினால், அதனை வெறும் அச்சமென்று தள்ளிவிடாமல் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் கடமை. அத்தகைய பூனையிடம் மேற்கூறிய பயிற்சியைத் தொடங்கலாகாது.

பிராணிகளைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அவற்றின் நலத்தைப் பேணவும், தேவையற்ற வலியைத் தவிர்க்கவும் நடவடிக்கை எடுத்தல் வேண்டும் என்று 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் விதிக்கிறது. சிகிச்சை முடிந்தவுடன் அக்கடமை தீர்ந்துவிடுவதில்லை. சீறும் பூனையைக் கண்டு மனம் சலித்த வீட்டாரிடம், அது அஞ்சுகிறதேயன்றி வெறுக்கவில்லை என்பதைப் பணியாளர் எடுத்துரைப்பாராயின், முதுமையில் வெளியே துரத்தப்படவிருந்த பல பூனைகள் தம் வீட்டிலேயே காக்கப்படும்.

ஆசிரியர்க்கான பயிற்சிகள்

1. பீட்டர் என்ற சிறுவனின் அச்சம் நீங்கிய முறைக்கும் பூனையின் பயிற்சிக்கும் உள்ள ஒற்றுமைகளை மாணவர் எழுதுக.

2. வலியின் ஐந்து முகக்குறிகளைப் படம் வரைந்து விளக்குக.

3. பூனை வளர்க்கும் மாணவர், அது படுத்திருக்கும்போதும் உண்ணும்போதும் காதும் வாலும் இருக்கும் நிலையை ஒரு வாரம் தொலைவிலிருந்து நோக்கிக் குறித்து வருக. பூனையைத் தொடுதலோ அச்சுறுத்துதலோ கூடாது.

4. மருந்து தருபவரும் பயிற்சி தருபவரும் வெவ்வேறு ஆட்களாயிருத்தல் ஏன் நன்று? காரணம் கூறுக.