சாவி வாங்கும் முன்: பினாங்கில் வாடகை வீடு

"அண்ணே, பாயான் லெப்பாஸ்ல வேலை கிடைச்சிருச்சு. அடுத்த திங்கட்கிழமை ரிப்போர்ட் பண்ணணும். ரூம்தான் இன்னும் கிடைக்கல."

நம் வகுப்புக்கு வரும் தம்பி தங்கைகளிடம் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு என் 300 வெள்ளி ஞாபகம் வரும்.

அப்போது எனக்கு 22 வயது. முதல் வேலை. கைப்பேசியில் ஒரு அறையின் படம் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல். வாடகையும் குறைவு. பேசிய ஆள், "இன்னும் மூணு பேரு கேக்குறாங்க, இப்பவே புக்கிங் போட்டுடுங்க" என்றார். 300 வெள்ளியை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பையோடு போய் நின்றால், அந்த வீட்டில் ஒரு குடும்பம் பல வருடமாகக் குடியிருக்கிறது என்றார் காவலாளி. அன்று இரவு நண்பன் ஒருவனின் சமையலறைத் தரையில் படுத்தேன். அம்மா போன் செய்தபோது, "வீடு நல்லா இருக்கும்மா" என்று சொன்னேன்.

என்னை ஏமாற்றியதில் பாதி அந்த ஆள், பாதி என் அவசரம். கையில் காசு குறைவாக உள்ளவன்தான் அதிகம் அவசரப்படுகிறான். இழந்தால் அதிகம் வலிப்பதும் அவனுக்குத்தான். ஆகவே இந்த மாதப் பாடத்தை மூன்று சொல்லில் வைத்துக்கொள்வோம்: கணக்கு, கண், காகிதம். இந்த வரிசை மாறக்கூடாது.

1. கணக்கு

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று எடுத்துக்கொள்வோம். இ.பி.எஃப்.புக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோவும் போனால் கையில் வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி.

இப்போது 800 வெள்ளி வாடகைக்கு ஒரு பிளாட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. கூட்டிப் பாருங்கள்: 1,600 + 400 + 800 = 2,800 வெள்ளி. சாவி கையில் விழும் முன்பே ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். மெத்தை, விசிறி, அடுப்பு எல்லாம் தனி.

அதே வீட்டை நான்கு பேர் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 700 வெள்ளிதான். மாத வாடகை 200. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் முன்கூட்டியே கூடிப் பேச வேண்டும். ஒருவர் பாதியில் போனால் அவர் பங்கை யார் கட்டுவது? இதை முதல் நாளே பேசி, ஒரு தாளில் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கேட்காதீர்கள். நட்பு கெடாமல் இருக்கத்தான் எழுத்து.

எந்தப் பக்கம் தேடுவது?

கடல் தெரியும் வீடு வேண்டும் என்பது எல்லாருக்கும் ஆசை. கெர்னி டிரைவ், தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி பக்கம் அந்த ஆசைக்கு விலை அதிகம். கைக்கு அடக்கமாக வேண்டுமானால் பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம், ரெலாவ், சுங்கை டுவா பக்கத்து அடுக்குமாடிகளைப் பாருங்கள். சுங்கை டுவா யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கம். அங்கே மாணவர்களும் அறை தேடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னும் குறைக்க வேண்டுமானால் பெருநிலம் இருக்கிறது: பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம். 1985-இல் திறந்த முதல் பாலமும் 2014-இல் திறந்த இரண்டாம் பாலமும் தீவை இணைக்கின்றன. 2019 ஜனவரி முதல் மோட்டாருக்கு இரண்டு பாலத்திலும் டோல் இல்லை. ஆனால் 13.5 கிலோமீட்டர் முதல் பாலத்தில் மழையிலும் காற்றிலும் தினமும் இரண்டு முறை மோட்டார் ஓட்டுவது விளையாட்டு இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

அதனால் வீடு தேடும் முன் வேலையிடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "கம்பெனி பஸ் எங்கே எங்கே நிற்கும்?" பெருநிலத்திலிருந்து தொழிலாளர்களை ஏற்றி வரும் தொழிற்சாலைகள் பல உண்டு. பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு அறை கிடைத்தால், வாடகையும் மிச்சம், உயிருக்கும் பத்திரம்.

2. கண்

வீட்டைக் கதவு திறந்து உள்ளே பார்க்காமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். என் 300 வெள்ளி சொல்லிக்கொடுத்தது இதுதான்.

கடலோர ஊருக்கென்று சில சோதனைகள் உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். ஜன்னல் கம்பி, கதவுப் பூட்டு, ஏர்கோன் வெளிப்பெட்டி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். அலமாரியை நகர்த்திப் பின்சுவரில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். தரைவீடு என்றால் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "ஆன்ட்டி, மழைக்குத் தண்ணி ஏறுமா?" என்று கேளுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கு பட்ட பாட்டை அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருந்தால் அது உங்களிடம் பொய் சொல்லாது.

முடிந்தால் இரண்டு முறை போங்கள். பகலில் ஒரு முறை, வேலை முடியும் நேரத்தில் ஒரு முறை. லிப்ட் வேலை செய்கிறதா, மோட்டார் நிறுத்த இடம் உண்டா, மேல்மாடியில் குழாய்த் தண்ணீர் வேகமாக வருகிறதா என்பதெல்லாம் மாலையில்தான் தெரியும். தங்கைகள் தனியாகப் போக வேண்டாம். கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

ஆளையும் பார்க்க வேண்டும். ஏஜென்ட் என்று சொன்னால் கழுத்தில் சிவப்பு அடையாள அட்டையும் ஆர்.இ.என். எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்று வாரியத்தின் இணையத்தளத்தில் நீங்களே தேடலாம். பணம் அவர் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது, நிறுவனக் கணக்குக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்காரரிடம் நேரே எடுத்தால், வீட்டு வரி பில்லில் உள்ள பெயரும் அவர் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள். ஏமாந்துவிட்டால் மறைக்காமல் உடனே 997-க்கு அழையுங்கள். போலீஸ் புகாரும் கொடுங்கள். நான் வெட்கப்பட்டுச் சும்மா இருந்தேன். அது இரண்டாவது தப்பு.

3. காகிதம்

ஜார்ஜ் டவுனில் ஒரு காலத்தில், 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடும்பங்கள் வாழ்ந்தன. அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 1999 முடிவோடு பாதுகாப்பும் முடிந்தது. வாடகை ஏறியது. பிறந்து வளர்ந்த தெருவை விட்டுப் பலர் வெளியேறினார்கள். எத்தனை வருடம் குடியிருந்தாலும் வாடகை வீட்டில் நமக்குள்ள உரிமை, காகிதம் தருகிற அளவுதான்.

ஆகவே ஒப்பந்தம் இல்லாமல் குடிபோகாதீர்கள். அதற்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. 800 வெள்ளி வாடகைக்கு ஒரு வருட ஒப்பந்தத்தின் வரி 40 வெள்ளியைத் தாண்டாது. நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

கையெழுத்துக்கு முன் இதையெல்லாம் படியுங்கள்: டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும், முன்கூட்டிக் காலி செய்தால் என்ன ஆகும், பழுது யார் பொறுப்பு. குடிபோகும் அன்றே மீட்டர் எண், விரிசல், கறை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். டெபாசிட் வராவிட்டால் 5,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு வழக்கு நடைமுறையில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். வாடகை பாக்கி என்றாலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. 1950-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்காக வாடகையை இழுத்தடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை!

"இந்தியர்களுக்கு இல்லை"

இதைப் பேசாமல் பாடத்தை முடிக்க முடியாது. விளம்பரத்தில் இந்த வார்த்தையைப் படிக்கும்போது வயிறு எரியும். அது உங்கள் குறை இல்லை. உங்களைப் பார்க்காமலே சொன்ன வார்த்தை அது.

பெயரை மறைத்துப் போகாதீர்கள். முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள்: "நாங்க இந்தியர்கள். வீட்ல சமைப்போம், சாமி விளக்கு ஏத்துவோம். பரவாயில்லையா?" மாட்டேன் என்பவர் போனிலேயே சொல்லட்டும், பஸ் காசு மிச்சம். சரி என்பவரிடம் சம்பளச் சீட்டும் வேலைக் கடிதமும் கொண்டுபோங்கள். கோயிலிலும் சொல்லி வையுங்கள். தண்ணீர்மலையிலோ பட்டர்வொர்த்திலோ பூஜை முடிந்து பிரசாதம் வாங்கும் வரிசையில் நிற்கும் ஒரு அக்காவுக்கு, காலியாகும் அறை ஒன்று தெரிந்திருக்கும்.

வீடு கிடைத்தபின் நம் பங்கும் உண்டு. சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறங்கள். விளக்கை எரியவிட்டு வெளியே போகாதீர்கள். காலி செய்யும் நாளில் அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். ஒருவர் செய்த தப்புக்கு எல்லாரையும் ஒதுக்குவது அநியாயம்தான். ஆனாலும் நாம் விட்டுப்போகும் சுத்தமான வீடு, அடுத்து வரும் தம்பிக்குக் கதவைத் திறந்து வைக்கும்.

கலந்துரையாட

1. கையில் 1,500 வெள்ளி. தீவில் பகிர்ந்த அறையா, பெருநிலத்தில் தனி அறையா? இரண்டு அணியாகப் பிரிந்து, பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

2. உங்கள் கிளையில் வாடகை வீட்டில் இருப்பவர் யார்? அவர் ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி, சேர்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

3. வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் ஒருவருக்கு முதல் ஒரு வாரம் படுக்க இடம் கொடுக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? பெயர்களை எழுதி வையுங்கள். அந்த ஒரு வாரம் இருந்தால், அவர் அவசரப்பட்டு 300 வெள்ளியை இழக்க மாட்டார்.