கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஊர்ப்பெயர்

"இந்த ஒப்பந்தம் தொடர்பான தாவா அனைத்தும் மும்பை நீதிமன்றங்களின் அதிகார எல்லைக்கு மட்டுமே உட்பட்டது." நம்மிடம் அரிசியோ மஞ்சளோ வாங்க வருகிற கம்பெனிகள் நீட்டுகிற காகிதத்தில், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். விலை, ஈரப்பதம், எத்தனை நாளில் பணம் என்பதையெல்லாம் நாம் நாலு தடவை படிப்போம். இதை யாரும் படிப்பதில்லை. வங்கியில் இருந்த காலம் முழுக்கக் கடன் பத்திரங்களோடு குடித்தனம் நடத்தியதால் என் கண் முதலில் போவது அங்கேதான்.

வந்தவாசிப் பக்கத்து நண்பர் ஒருவர் வெளிமாநில நிறுவனம் ஒன்றுக்குக் கிச்சிலிச் சம்பா அரிசி அனுப்பினார். 92,000 ரூபாய் நின்றுபோச்சு. வக்கீலிடம் போனால் அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த ஊரில்தான் போட வேண்டும், ஐயா" என்றார். ரயில் செலவு, அங்கே ஒரு வக்கீல், ஐந்தாறு வாய்தா. கணக்குப் போட்டால் வரவேண்டிய பணத்தில் பாதி அதற்கே சரியாய்ப் போகும்.

சட்டம் பொதுவாக என்ன சொல்கிறது? உரிமையியல் நடைமுறைச் சட்டம் 20-ஆம் பிரிவுப்படி, எதிராளி இருக்கிற அல்லது தொழில் நடத்துகிற ஊரில் வழக்குப் போடலாம். வழக்குக்கான காரணம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ நடந்த ஊரிலும் போடலாம். ஒப்பந்தம் கையெழுத்தான இடம், சரக்கு ஒப்படைத்த இடம், பணம் வரவேண்டிய இடம் எல்லாம் இதில் சேரும். ஆக நமக்கு இரண்டு மூன்று ஊர் கையில் இருக்கும். அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடைப்பதுதான் அந்தக் கடைசி வரியின் வேலை. இது செல்லும் என்று 1971-லேயே ஹக்கம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சம்பந்தமே இல்லாத நீதிமன்றத்துக்கு அதிகாரத்தைப் புதிதாக உண்டாக்கிக் கொடுக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நம் சேலத்துக்காரர்கள் போட்ட ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1989-இல் தீர்ந்தது. குஜராத் நிறுவனத்தோடு உலோக நூல் வியாபாரம். "கைரா அதிகார எல்லைக்கு உட்பட்டது" என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சேலத்தில் வழக்குப் போடலாமா என்பது கேள்வி. "மட்டும்" என்கிற மாதிரிச் சொல் இல்லை, அதனால் சேலம் அடைபடவில்லை என்று தீர்ப்பானது. இதைக் கேட்டுவிட்டு, "எங்கள் பேப்பரிலும் 'மட்டும்' இல்லை சார்" என்று சந்தோஷப்படாதீர்கள். 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் - இந்தியன் ஆயில் வழக்கில், கொல்கத்தா என்று எழுதியிருந்தாலே போதும், "மட்டும்" இல்லாவிட்டாலும் ஜெய்ப்பூர் அடைபட்டதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

நடுவர் தீர்ப்பு என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2017-இல் தீர்ந்த இண்டஸ் மொபைல் வழக்கில் வாங்கியவர் சென்னை நிறுவனம், விற்றவர் அமிர்தசரஸ், சரக்கு வந்தது டெல்லியிலிருந்து. மும்பையில் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் நடுவர் அமர்வின் இடம் மும்பை என்று எழுதியிருந்ததால், மும்பை நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்றாகிவிட்டது.

எழுதினாலும் செல்லாத இடமும் உண்டு. நிலம் எங்கே இருக்கிறதோ, நில வழக்கு அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான். குர்கான் மனைக்கு டெல்லி நீதிமன்றம் என்று எழுதிய ஒப்பந்தம் 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. குத்தகைக்கு எடுத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது நுகர்வோர் வழக்கு. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் ஒன்று, இது நாம் வாங்குகிற சரக்குக்குத்தான். விற்ற நெல்லுக்குப் பணம் வரவில்லை என்றால் இந்த வழி உதவாது.

இனி, எல்லை என்பதன் மற்றொரு முகம். செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு என்று மதிப்புக் கூட்டி விற்கிறவர்கள், "சென்னை முழுக்க உங்களுக்கு மட்டும்" என்று ஒரு கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தச் சென்னை? நான் குடியிருக்கும் கல்மண்டபம் ராயபுரத்தில் இருக்கிறது, பழைய சென்னை. அதில் சந்தேகமில்லை. வடக்கே கொஞ்சம் போனால் திருவொற்றியூர். அது தனி நகராட்சியாக இருந்தது. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, எண்ணூர் அடங்கிய கத்திவாக்கத்தோடு சேர்ந்து உள்ளே வந்தது. ஆனால் அப்போதும் வருவாய்க் கணக்கில் திருவள்ளூர் மாவட்டம்தான். 2018-இல்தான் சென்னை மாவட்டத்துக்கு மாறியது. நீதிமன்ற எல்லை இவை இரண்டோடும் தானாக நகர்வதில்லை. உயர் நீதிமன்றத்தின் நேரடி உரிமையியல் எல்லைக்கென்றே 1927-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2010-இல் "சென்னை" என்று எழுதிக் கொடுத்தவருக்கு எண்ணூரில் வேறு ஆள் மூலம் விற்க உரிமை உண்டா என்று கேட்டால், இரண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. வக்கீல்களுக்கு வருமானம்.

அதனால் எங்கள் குழுவில் மாவட்டப் பெயரை விட்டுவிட்டோம். அஞ்சல் குறியீட்டு எண்ணை எழுதுகிறோம்: 600013 ராயபுரம், 600019 திருவொற்றியூர், 600057 எண்ணூர். கூடவே, "ஒப்பந்தத் தேதியில் உள்ளபடி" என்று ஒரு வார்த்தை. வாங்க வருகிற கம்பெனியிடம், "சரக்கு ஏற்றுகிற இடம் எங்கள் களம், பணம் வரவேண்டியது எங்கள் ஊர் வங்கிக் கிளை, வழக்கும் எங்கள் ஊர் நீதிமன்றத்தில்" என்று கேட்கிறோம். பெரிய நிறுவனம் ஒப்புக்கொள்ளாது. அப்போது அந்த வரியையே எடுத்துவிடச் சொல்கிறோம். அது இல்லாவிட்டால் 20-ஆம் பிரிவு நமக்குப் போதும். அதற்கும் மறுத்தால் முன்பணம் கேளுங்கள், இல்லையென்றால் லோடைப் பிரித்து, முதல் லோடுக்குப் பணம் வந்த பிறகு அடுத்ததை ஏற்றுங்கள்.