எங்கிருந்து வந்தது? மலைக்கு அசராத ரத்தம்

கேள்வி: ராணுவத்தில் இருக்கும் என் மகனுக்கு லேவுக்கு மாற்றல். போனதும் சில நாள் ஒரு வேலையும் கொடுக்காமல் படுத்தே இருக்கச் சொன்னார்களாம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியதாம். அதைவிட உயரத்தில் திபெத்துக்காரர்கள் மூட்டை சுமந்துகொண்டு சர்வசாதாரணமாக நடக்கிறார்களே, அந்த உடம்பு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: பழக்கமும் கொஞ்சம் உண்டு. ஆனால் முக்கியமான சமாச்சாரம் பரம்பரையாக வந்தது. அதுவும் இன்று உலகில் இல்லாத வேறொரு மனித இனத்திடமிருந்து.

லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோர ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு பதறிப்போய் வேகமாக மூச்சு விடுகிறது. வாரக்கணக்கில் தங்கினால் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. நல்ல யோசனைதான், அளவோடு நின்றால். மீறினால் ரத்தம் பாகு போலக் கெட்டியாகி இதயம் திணறும். ஆண்டீஸ் மலைவாசிகள் சிலருக்கு இது தீராத நோயாகவே ஒட்டிக்கொள்கிறது. 1920-களில் அதை விவரித்த பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கேயின் பெயர்தான் அந்த நோய்க்கு.

திபெத்தியருக்கோ, 4,000 மீட்டரில் பிறந்து வளர்ந்தாலும் ஹீமோகுளோபின் நம் சமவெளிக்காரர் அளவை ஒட்டியே இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் ‘சிவப்பணுவைக் கூட்டு’ என்று உத்தரவு போடும் மரபணு இ.பி.ஏ.எஸ்.1. அவர்களிடம் இருப்பது அதன் அடக்கி வாசிக்கும் வடிவம். அதன் அடையாளமான ஒரு மாற்றம் திபெத்தியரில் நூற்றுக்கு 87, பக்கத்து ஹான் சீனரில் நூற்றுக்கு 9 என்ற அளவில் இருப்பதாக 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது.

இந்த வடிவம் யாருடையது? 2014-ல் விடை கிடைத்தது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் 2008-ல் ஒரு சிறுமியின் விரல் எலும்புத் துண்டு அகப்பட்டது. அதன் டி.என்.ஏ.வை வைத்துத்தான் டெனிசோவன் என்ற இனமே உலகுக்குத் தெரிந்தது. திபெத்தியரின் இ.பி.ஏ.எஸ்.1 அந்த டி.என்.ஏ.வோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. சைபீரியா எங்கே, திபெத் எங்கே என்று கேட்டவர்களுக்கு 2019-ல் இன்னொரு சான்று: திபெத் பீடபூமியின் விளிம்பில், 3,280 மீட்டர் உயரக் குகையில் 1980-ல் ஒரு புத்தத் துறவி கண்டெடுத்த தாடை எலும்பும் டெனிசோவன்தான் என்று தெரிந்தது. வயது குறைந்தது 1,60,000 ஆண்டு. நம் முன்னோர் அங்கே எட்டிப் பார்க்கும் முன்பே ஆள் குடியிருந்திருக்கிறது!

இதில் என்னைக் கவர்வது கால இடைவெளி. திபெத்தியரின் முன்னோர் டெனிசோவன்களோடு கலந்தது சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பு, ஆனால் இந்த மரபணு வேகமாகப் பெருகத் தொடங்கியது ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று ஒரு கணக்கு சொல்கிறது. அதுவரை லாபமோ நஷ்டமோ இல்லாமல் சிலரிடம் சும்மா கிடந்திருக்கிறது. மலையேறிக் குடியமர்ந்த பிறகு, அது இருந்தவர்களின் பிள்ளைகள் அதிகம் பிழைத்தார்கள். இடம்பெயர்தலும் கலப்பும் சரக்கைக் கொண்டுவந்து போடும். எதை வைத்துக்கொள்வது என்பதை ஊரின் சூழல் தீர்மானிக்கும்.

கேள்வி: மனிதன் சரி, அவனோடு போன நாய், மாடுகள்?
– அதே வாசகி

பதில்: அவையும் இதையேதான் செய்தன. சிங்கப் பிடரி வைத்த திபெத்திய மாஸ்டிஃப் நாய், மலை ஓநாய்களோடு கலந்ததில் பெற்றது அதே இ.பி.ஏ.எஸ்.1-இன் ஓநாய் வடிவத்தை. போதாததற்கு, ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும் ஹீமோகுளோபினும் அந்த வழியில்தான் வந்தது.

திபெத்து மாட்டுக்குள் யாக்கின் மரபணுக்கள் இருக்கின்றன. அங்கே யாக்கையும் மாட்டையும் இணைசேர்த்து ‘ஜோ’ என்ற கலப்பை வளர்ப்பது நெடுநாள் வழக்கம். ஆண் ஜோ உழும், சுமக்கும், ஆனால் மலடு. பெண் மட்டுமே கன்று போடும். ஆகவே யாக்கின் சரக்கு மாட்டு மந்தைக்குள் வந்து சேர்ந்ததெல்லாம் அந்தக் கலப்புப் பசுக்களின் வயிற்று வழியாகத்தான்.