பல திரைகள், ஒரே மொழி

உடன்குடியிலிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் குலசேகரப்பட்டினக் கடற்கரை. தெற்கே சென்றால் மணப்பாட்டுக் கலங்கரை விளக்கம். இக்கடல் வழியாகத்தான் பல நாட்டுக் கப்பல்கள் வடக்கே தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிச் செல்கின்றன. மாலுமிகளின் தாய்மொழிகள் வெவ்வேறு. ஆயினும் துறைமுகக் கால்வாய்க்குள் நுழையும்போது, 'எந்தப் பக்கம் ஆழம்?' என்று அவர்கள் தடுமாறுவதில்லை. கடலிலிருந்து உள்ளே வருகையில் சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்க வேண்டும்; பச்சை மிதவை வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவே பாதை. சென்னையிலும் இதே விதி. கொழும்பிலும் இதே விதி.

எங்கு கண்டாலும் ஒரே பொருள் தரும்படி அடையாளங்களையும் கருவிகளையும் திட்டமிட்டு அமைப்பதைப் 'பொது வடிவமைப்பு முறை' எனலாம். இன்று கணினி, கைப்பேசித் திரைகளை உருவாக்கும் நிறுவனங்கள் இதற்கெனத் தனிக் குழுக்களையே வைத்திருக்கின்றன. அழகுக்காக மட்டுமா இவ்வளவு முயற்சி? இல்லை என்பதைக் கடலே நமக்குக் கற்பிக்கிறது.

முப்பதுக்கும் மேற்பட்ட முறைகள்

1971-ஆம் ஆண்டு ஜனவரி 11 அன்று, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட டோவர் நீரிணையில் 'டெக்சாகோ கரீபியன்' என்ற எண்ணெய்க் கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. மறுநாள் 'பிராண்டன்பர்க்' என்ற ஜெர்மன் கப்பல் அந்தச் சிதைவில் மோதி மூழ்கியது. அதன்பின் அவ்விடத்தில் எச்சரிக்கை அடையாளங்கள் வைக்கப்பட்டன. இருந்தும் பிப்ரவரி 27 அன்று 'நிக்கி' என்ற கிரேக்கக் கப்பல் அங்கேயே மோதி, அதிலிருந்த அனைவரோடும் மூழ்கியது. மூன்று கப்பல்களிலுமாக இறந்தவர்கள் 51 பேர்.

அடையாளம் வைத்தால் மட்டும் போதாது; பார்ப்பவர் அதை உடனே புரிந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. ஓரிடத்தில் 'இப்பக்கம் வா' என்ற நிறம், மற்றோரிடத்தில் 'இப்பக்கம் வராதே' என்றது. இவ்விபத்துகளுக்குப் பிறகு கலங்கரை விளக்க நிர்வாகங்களின் பன்னாட்டுச் சங்கம் முனைந்து செயலாற்றி, 1980-இல் ஒரு பொது முறையை உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

இம்முறையில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இடப்பக்க மிதவை சிவப்பு மட்டுமன்று, உருளை வடிவமும் உடையது. வலப்பக்க மிதவை பச்சை மட்டுமன்று, கூம்பு வடிவமும் உடையது. மங்கிய வெளிச்சத்தில் நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும். 'நிறம் ஒன்றை மட்டும் நம்பாதே' என்ற இவ்விதி, இன்றைய திரை வடிவமைப்பிலும் முதல் விதிகளுள் ஒன்றாகும்.

கடலிலிருந்து திரைக்கு

காலம் மாறியது. காகித வரைபடத்தின் இடத்துக்கு மின்னணுக் கடல் வரைபடம் வந்தது. 2012 முதல் 2018 வரை படிப்படியாகப் பெரிய கப்பல்களுக்கு அது கட்டாயமாயிற்று. ராடார் திரை, வரைபடத் திரை, எச்சரிக்கைத் திரை எனக் கப்பலின் மேடை முழுவதும் திரைகள் நிறைந்தன. பழைய சிக்கலும் புது உருவில் திரும்பியது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி பொத்தான்களை வைத்தனர். ஒரே செயலுக்கு ஒரு கருவியில் ஒரு பெயர், மற்றொன்றில் வேறு பெயர்.

துறைமுகத்தின் பைலட்டை எண்ணிப் பாருங்கள். வரும் கப்பலில் ஏறி, அதைத் துறைக்குள் வழிநடத்துவது அவர் பணி. காலையில் ஒரு கப்பல், மாலையில் வேறொரு கப்பல். ஒவ்வொன்றிலும் வேறு வேறு திரை. குறுகிய கால்வாயில் கப்பல் நகர்ந்துகொண்டிருக்கும்போது, வேண்டிய பொத்தானைத் தேட அவருக்கு நேரம் ஏது?

ஆகவே பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2019-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எந்தச் செயலுக்கு எந்தச் சொல், எந்தச் சின்னம். எந்தத் தகவல்கள் ஒன்றாக இருக்க வேண்டும். எவற்றை ஒரே தொடுதலில் அடைய முடிய வேண்டும். தொடக்கத்தில் கருவி எந்நிலையில் இருக்க வேண்டும் என்பவற்றை அவை வகுத்தன. 2024 ஜனவரி 1 முதல் கப்பல்களில் பொருத்தப்படும் ராடார், மின்னணு வரைபடத் திரைகளுக்கு இவை பொருந்தும்.

நிறத்துக்கு ஒரு பெயர்

இத்தகைய முறை எப்படிக் கட்டப்படுகிறது? முதற்படி, பெயரிடுதல். மின்னணுக் கடல் வரைபடத்தின் நிறங்களைப் பன்னாட்டு நீரளவியல் அமைப்பு வகுத்துள்ளது. அதன் விதிநூல் 'இந்த இடத்தில் வெளிர்நீலம் பூசு' என்று சொல்வதில்லை. 'ஆழமான நீர்', 'மிக ஆழமற்ற நீர்' எனப் பொருளைக் காட்டும் ஐந்தெழுத்துக் குறிப்பெயர்களைத் தருகிறது. பகல், அந்தி, இரவு என மூன்று நிறப்பட்டியல்கள் தனியே உள்ளன. 'ஆழமான நீர்' பகற்பட்டியலில் வெண்மை கலந்த நிறம். இரவுப்பட்டியலில் ஏறத்தாழக் கருமை.

இரவுக்கு ஏன் கருமை? நம் கண் இருளுக்கு நன்கு பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. வெண்மையான திரையை ஒரு கணம் பார்த்தாலே அப்பழக்கம் கெடும். வெளியே இருக்கும் மீன்பிடிப் படகின் சிறு விளக்கு தெரியாமற் போகும். குறிப்பெயர் இருப்பதால், வரைபடத்தைத் திருத்தாமல் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும்.

சிரட்டையும் பொத்தானும்

இரண்டாம் படி, பொது உறுப்புகள். உடன்குடிக் கருப்பட்டியை அறியாதவர் உண்டோ? பதநீரைக் காய்ச்சி, பதம் வந்த பாகைச் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஆறியதும் அரைக்கோள வடிவில் கருப்பட்டி கிடைக்கும். ஒவ்வொன்றையும் கையால் உருட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. வடிவம் அச்சில் இருக்கிறது.

திரையிலும் இப்படியே. பொத்தான், எழுதும் கட்டம், எச்சரிக்கைப் பெட்டி ஆகியவற்றை ஒருமுறை செம்மையாக அமைத்து வைத்துவிட்டு, எல்லா மென்பொருள்களும் அவற்றையே எடுத்தாளும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் 50-க்கும் மேற்பட்ட மென்பொருள்களை வழங்குகிறது. அந்த அளவுள்ள ஏதேனும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு மென்பொருளிலும் 40 திரைகள் என்று கொண்டால், 50 × 40 = 2000 திரைகள். பொத்தானின் குறை ஒன்றைத் தனித்தனியே திருத்தினால் 2000 இடங்கள். பொது அச்சில் திருத்தினால் ஓரிடம்.

இங்கே சிரட்டையை விட மென்பொருள் ஒருபடி மேல். சிரட்டையை மாற்றினால் இனி ஊற்றும் கருப்பட்டிதான் மாறும். மென்பொருள் அச்சை மாற்றி, அப்புதிய பதிப்பை ஒவ்வொரு மென்பொருளும் ஏற்றுக்கொண்டால், முன்பே வார்த்தவையும் மாறிவிடும்.

வெயிலில் ஒரு கணக்கு

மூன்றாம் படி, அளந்தறியக்கூடிய விதிகள். 'எழுத்து தெளிவாக இருக்கட்டும்' என்பது ஆசை, விதியன்று. வையவிரிவு வலைக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2008-இல் இதற்கோர் எண் தந்தது. முழு வெண்மையின் ஒளிர்வை 1 என்றும், முழுக் கருமையின் ஒளிர்வை 0 என்றும் கொள்வோம். அப்போது,

வேறுபாட்டு விகிதம் = (அதிக ஒளிர்வு + 0.05) ÷ (குறைந்த ஒளிர்வு + 0.05)

வெண்மையின்மேல் கருப்பு எழுத்துக்கு 1.05 ÷ 0.05 = 21. இதுவே உச்சம். சாதாரண அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். சூத்திரத்தில் உள்ள 0.05, சுற்றுப்புற ஒளி திரையில் பட்டுத் தெறிப்பதற்கான ஒதுக்கீடு.

நடுப்பகலில் மணப்பாட்டுக் கடலில் படகிலிருந்து கைப்பேசியைப் பார்க்கும் மீனவரை நினையுங்கள். தெறிக்கும் ஒளி பத்து மடங்காகி 0.5 ஆகிறது என்று கொள்வோம். கருப்பு, வெள்ளைக்கான விகிதம் 1.5 ÷ 0.5 = 3 ஆகக் குறைகிறது! அறைக்குள் 4.5 தந்த சாம்பல் நிற எழுத்து, வெயிலில் ஏறத்தாழ 2.2 தான் தரும். அலுவலக அறையில் 'அழகாக' இருக்கும் மெல்லிய சாம்பல் எழுத்து, புயல் எச்சரிக்கையைப் படிக்க வேண்டியவருக்குப் பயன்படாது போகலாம்.

தமிழுக்கு இடம்

அச்சை ஆங்கிலத்துக்கு மட்டும் செய்தால் தமிழ் அதில் அடங்காது. 'கீ' என்பதில் கொம்பு மேலே எழும். 'கூ', 'மூ' போன்றவற்றில் சுழி கீழே இறங்கும். ஆங்கில அளவுக்கு வரி இடைவெளி வைத்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல் சிறு பொத்தானில் பாதி வெட்டுப்படும். எனவே பொத்தானின் அகலத்தைச் சொல்லே தீர்மானிக்கும்படி அச்சை அமைப்பதே முறை. இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் அரசு இணையதளங்கள் ஒரே தோற்றம் பெறுவதற்கான கையேட்டை 2025-இல் வெளியிட்டது. பல மொழிகள் வழங்கும் நாட்டில் இப்பணி எளிதன்று.

ஒன்றாக்குவதன் விலை

பொது முறையில் ஆபத்தும் உண்டு. அச்சில் நேரும் நன்மை எங்கும் பரவுவது போலவே பிழையும் எங்கும் பரவும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் வெளியிடுமுன் பலர் சோதிக்க வேண்டும். அச்சைப் பேணுவதற்குப் பொறுப்பான குழு எப்போதும் வேண்டும். ஊன்றிய பழக்கத்தை மாற்றுவதும் கடினம். கடல் மிதவைகளில்கூட முழு ஒற்றுமை கிட்டவில்லை. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றில் துறைமுகத்துக்குள் வருகையில் சிவப்பு வலப்பக்கம் இருக்கும். முப்பதுக்கும் மேற்பட்டவை இரண்டாயின; எந்தப் பகுதியில் எது என்பதும் வரையறுக்கப்பட்டது. அதுவே பெரிய வெற்றி.

செய்து பாருங்கள்

1. முழுச் சிவப்பின் ஒளிர்வு 0.2126, பச்சை 0.7152, நீலம் 0.0722. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்து, நீல எழுத்து ஆகிய இரண்டின் விகிதங்களையும் காண்க. (விடை: ஏறத்தாழ 1.07, 8.6)

2. அதே இரண்டையும் 0.05-க்குப் பதிலாக 0.5 இட்டுக் கணக்கிடுக. நீல எழுத்து வெயிலில் எவ்வளவு இழக்கிறது?

3. வீட்டிலுள்ள கைப்பேசியில் வெவ்வேறு நிறுவனங்களின் மூன்று செயலிகளைத் திறந்து, 'திரும்பிச் செல்', 'நீக்கு', 'அனுப்பு' ஆகியவை எங்கே, எந்த நிறத்தில், எந்தச் சொல்லால் உள்ளன என அட்டவணையிடுக. பிறகு அவற்றை முதன்முறையாகத் தொடும் உங்கள் பாட்டியிடம் கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொது அச்சு எங்கே தேவை என்பதை அந்தத் தயக்கம் உங்களுக்குக் காட்டும்.