நம்பிக்கைகளும் உண்மைகளும்: தடித்த பார் போட்டால் கார் கவிழாதா?

நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் கார் ஓட்டுவோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது. கம்பெனி பொருத்திய ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிவிட்டு முன்னும் பின்னும் தடித்த பார் போட்டுக்கொண்டால், திருமலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் வண்டி கவிழாது என்பதே அது. உதிரிபாகக் கடைகளிலும் வாடகைக் கார் நிறுத்தங்களிலும் ஓயாமல் சொல்லப்படுவதால் இது உண்மையென்றே ஏற்கப்பட்டுவிட்டது. வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து ஒரே பகலில் மாற்றிவிடலாம் என்ற துணிச்சலும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இந்த நம்பிக்கை அடியோடு தவறு. இதை நம்பி மலையேறும் வண்டிகளில் குழந்தைகளும் முதியோரும் அமர்ந்திருக்கிறார்கள் என்பதால் இதை மென்மையாக மறுப்பதற்கு இடமில்லை.

ஸ்டெபிலைசர் பார் என்பது காரின் அடியில் குறுக்காகக் கிடக்கும், இரு முனைகளும் வளைந்த உருக்குத் தண்டு. அதன் நடுப்பகுதி ரப்பர் புஷ்களின் வழியாக வண்டியின் உடற்பகுதியோடு பிணைந்திருக்கும். முனைகள் லிங்க் எனப்படும் சிறு இணைப்புக் கம்பிகளால் இடது, வலது சக்கரங்களைத் தாங்கும் அமைப்போடு சேர்ந்திருக்கும். வளைவில் வண்டி வெளிப்புறம் சாயும்போது வெளிச்சக்கரம் உடலை நோக்கி மேலேறவும் உட்சக்கரம் கீழிறங்கவும் முற்படுவதால் தண்டு முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கத்தை அது எதிர்ப்பதால் சாய்வு குறைகிறது. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919இல் காப்புரிமை பெற்ற இக்கருவிக்கு முதன்மையான பணிகள் இரண்டு: சாய்வைக் குறைப்பதும், சாய்வை எதிர்க்கும் பொறுப்பை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பங்கிடுவதும்.

சாய்வதும் கவிழ்வதும் ஒன்றென்று எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. வளைவில் உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடையை நான்கு அளவுகள் முடிவுசெய்கின்றன: வண்டியின் எடை, பக்கவாட்டு முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம். இந்நான்கில் பாரின் தடிமன் எங்கும் இல்லை. உடல் சாயும்போது ஈர்ப்பு மையம் சில சென்டிமீட்டர் வெளியே நகர்வது உண்மைதான். தடித்த பார் அதில் ஓரிரு சென்டிமீட்டரை மிச்சப்படுத்தக்கூடும். ஆனால் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வண்டியில் அந்த ஆதாயத்தை நம்பி ஒருவர் வேகத்தைக் கூட்டுவாரானால் அவர் கணக்கு அறியாதவர். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001ஆம் ஆண்டு மாடல் வண்டிகள் முதல் கவிழும் அபாயத்துக்கு மதிப்பெண் வழங்கத் தொடங்கியபோது, சக்கர அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணையே அடிப்படையாகக் கொண்டது. அந்த எண் தாழத் தாழ அபாயம் ஏறும். எந்தத் தடிமனில் பார் போட்டாலும் வண்டியின் அகலம் கூடுவதில்லை, உயரம் குறைவதுமில்லை.

வேகத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் காரை வெளியே தள்ளுவதாகத் தோன்றும் விசை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. வேகம் 40 கிலோமீட்டர் ஆகும்போது அது நான்கு மடங்காகி, எடையில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டுகிறது. உலர்ந்த நல்ல சாலையில்கூடச் சாதாரண டயர்களின் பிடிப்பு ஏறக்குறைய முடிந்துபோகும் எல்லை அது. 1944இல் திறக்கப்பட்டு இன்று இறங்குவதற்குப் பயன்படும் முதல் மலைப்பாதையில், திருமலையிலிருந்து அடிவாரத்து அலிபிரிக்கு 40 நிமிடங்களுக்கு முன்னதாக வந்து சேரக்கூடாது என்று தேவஸ்தானம் வகுத்திருக்கும் விதி இந்தக் கணக்கின் மேல் நிற்கிறது. தடித்த பார் போட்ட வண்டிக்கு அந்த விதியில் சலுகை இல்லை, இயற்பியலிலும் இல்லை.

பிடிப்பு கூடும் என்பது இதே நம்பிக்கையின் மறுபாதி. அது உண்மைக்கு நேர்மாறானது. டயரின் மேல் எடை கூடக்கூட அதன் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. எடை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. ஆகவே ஓர் அச்சின் எடை அதன் வெளிச்சக்கரத்தின் மேல் குவியும்போது அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. முன்பக்கம் மட்டும் தடித்த பார் போட்டால் முன் டயர்கள் முதலில் தோற்று, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். பின்பக்கம் மட்டும் போட்டால் பின் டயர்கள் முதலில் தோற்று, வண்டியின் பின்புறம் வெளியே வீசும். பந்தயத் தளங்களில் இந்தப் பங்கீட்டைத் திட்டமிட்டு மாற்றுவதற்காகவே பாரை மாற்றுகிறார்கள். அங்கே வண்டி தடம் விலகினாலும் ஓடி நிற்கக் காலியிடம் உண்டு, மலைப்பாதையில் பள்ளம்தான் உண்டு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் ஏற்கெனவே இலகுவாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ச்சாலையும் நனைந்திருக்க, பின்புறத்தில் மிகத் தடித்த பாருடன் இறங்குபவர் வண்டி சுழல்வதற்கான எல்லா ஏற்பாடுகளையும் தம் கையாலேயே செய்து வைத்திருக்கிறார். சாய்வு குறைந்திருப்பதால், எல்லையை நெருங்குகிறோம் என்று உடல் உணர்த்தும் எச்சரிக்கையும் அவருக்குத் தாமதமாகவே எட்டும்.

இரண்டு மில்லிமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்போர், முறுக்க விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதை அறிய வேண்டும். திண்மையான 20 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 22 மில்லிமீட்டர் தண்டு போட்டால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும். 24 மில்லிமீட்டர் போட்டால் இரண்டு மடங்குக்கும் மேலாகும். உள்ளீடற்ற குழாய்ப் பார் பலவீனமானது என்ற எண்ணமும் இதனாலேயே பிழையாகிறது: முறுக்கத்தைத் தாங்குவது பெரும்பாலும் புறப்பகுதியே என்பதால், 24 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 16 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட குழாய், அதே வெளிவிட்டமுள்ள திண்மத் தண்டின் விறைப்பில் 80 விழுக்காட்டை 56 விழுக்காடு எடையிலேயே தந்துவிடுகிறது.

எல்லாக் காருக்கும் பின்பக்கப் பார் உண்டு என்பதும் தவறு. ஸ்விஃப்ட், ஐ20 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களின் பின்புறத்தில் முறுக்கு உத்தரம் என்னும் குறுக்குச் சட்டமே பாரின் வேலையைச் செய்துவிடுகிறது. பார் மாற்றினால் பள்ளங்களில் எப்போதும் அதிர்வு கூடும் என்பது பாதி உண்மை; வேகத்தடையில் இரு சக்கரங்களும் ஒருசேர ஏறும்போது பார் முறுக்கப்படுவதே இல்லை, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போதுதான் அது மறுபக்கத்தையும் சேர்த்து உலுக்கும். பதிவுச் சான்றிதழில் பாரின் விட்டம் எழுதப்படுவதில்லை, ஆகவே சட்டத்துக்கு அஞ்ச வேண்டாம் என்போர், வாகன மாற்றங்கள் குறித்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு உற்பத்தியாளரின் விவரக்குறிப்பையே அளவுகோலாகக் கொண்டது என்பதை நினைவில் கொள்ளட்டும்.

வீட்டிலேயே மாற்றும் வேலை கடினமானதன்று. ஆனால் அதைச் செய்யும் விதம் பெரும்பாலும் கண்டிக்கத்தக்கது. ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல்லை அடுக்கியோ நிறுத்திய காரின் கீழே எவரும் படுக்கவே கூடாது. கெட்டியான சமதரையில், எடை தாங்கும் ஸ்டாண்டுகளின் மேல் இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்நிலையில் லிங்க்கின் நட்டைக் கழற்றினால் தண்டு கையிலோ முகத்திலோ அடிக்கும். நைலான் பூட்டு நட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும். இறுக்கத்தை, முறுக்குவிசை காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, கம்பெனி குறித்த அளவிலேயே வைக்க வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் புஷ்ஷை ஊதச் செய்து கெடுத்துவிடும் என்பதால் அதைத் தடவவே கூடாது. பார் மாற்றிய பின் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும் என்பது பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தாது. ஆனால் மெக்ஃபர்சன் எனப்படும் சஸ்பென்ஷன் அமைப்பின் பழைய வடிவங்களில், 1950இல் வந்த ஃபோர்டு கான்சலில் இருந்ததைப் போல, சக்கரத்தின் அடிப்பகுதியைத் தாங்கும் கீழ்க்கையை முன்பின் நகராமல் பிடித்து வைப்பதே இந்தப் பார்தான். அத்தகைய வண்டியில் பாரைக் கழற்றுவது சக்கரத்தின் நிலையையே கலைப்பதாகும்.

'டொக் டொக்' என்ற சத்தம் கேட்டவுடன் பார் போய்விட்டது என்று புதிய பாரைத் தலையில் கட்டுவோரிடமும் எச்சரிக்கை தேவை. அந்தச் சத்தம் பெரும்பாலும் தேய்ந்த லிங்க்கிலிருந்தோ புஷ்ஷிலிருந்தோ வருவது. அவற்றை மட்டும் மாற்றினாலே வண்டி தன் பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடும்.

கவிழ்வதைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுவோர் கூரையைப் பார்க்க வேண்டும். 1,800 கிலோ எடையும் 1.5 மீட்டர் சக்கர அகலமும் 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட ஒரு வண்டிக்கு, மேலே சொன்ன வகுத்தல் 1.07 என்ற எண்ணைத் தருகிறது. அதன் கேரியரில், தரையிலிருந்து 1.9 மீட்டர் உயரத்தில், 100 கிலோ மூட்டைகளை ஏற்றினால் ஈர்ப்பு மையம் 76 சென்டிமீட்டருக்கு ஏறி, அந்த எண் 0.98 ஆக இறங்கிவிடுகிறது. தடித்த பார் மிச்சப்படுத்தும் ஓரிரு சென்டிமீட்டரால் இந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. திருமலைக்கும் பாகராபேட்டைக் கணவாய்க்கும் மொகிலி மலைச்சாலைக்கும் இப்படிக் கூரையில் மூட்டை கட்டிப் போகும் குடும்பக் கார்களைத் தடுத்து நிறுத்தி, சுமையைக் கீழே இறக்கச் சொல்லும் வழக்கம் மலையடிவாரச் சோதனைச் சாவடிகளில் வர வேண்டும். அது வரும் வரை, பாருக்கு ஒதுக்கிய பணத்தில் உரிமையாளர்கள் இரண்டு லிங்க்குகளும் நான்கு நல்ல டயர்களும் வாங்கட்டும், மூட்டைகளுக்குக் கூரையில் இடமில்லையென்று வீட்டாரிடம் கறாராகச் சொல்லட்டும்.